நாலாவது தடவை நட்சத்திரம்

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் டேப்லெட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். திரையில் 52 கழித்தல் 27. கீழே நான்கு விடைகள். முதலில் 35ஐ அமுக்கினான். "மீண்டும் முயற்சி செய்" என்றது ஒரு குரல். அடுத்து 79. மறுபடியும் அதே குரல். மூன்றாவதாக 24. அதுவும் இல்லை. மிச்சமிருந்த 25ஐ அமுக்கியதும் டிங் என்று ஒரு சத்தம், ஒரு நட்சத்திரம், கைதட்டல். அவன் முகத்தில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. அடுத்த கணக்குக்குப் போய்விட்டான்.

"எப்படிடா கண்டுபிடிச்ச?" என்றேன்.

"கண்டுபிடிக்கவே வேணாம் டீச்சர். நாலாவது தடவ எப்படியும் நட்சத்திரம் வந்துடும்."

அன்று மாலை என் அலைபேசிக்கு வந்த அறிக்கையில் அவன் பெயருக்கு நேரே பச்சை நிறம். பாடத்தை முடித்துவிட்டானாம்.

எனக்கு உடனே ஒரு பூனை ஞாபகம் வந்தது. ஆசிரியர் பயிற்சியில் படித்த தார்ன்டைக்கின் பூனை. 1898ல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் தன் ஆய்வை எழுதியபோது அதில் வந்த பூனை. பசியோடு இருக்கும் பூனையைப் பெட்டிக்குள் அடைத்துவிட்டு வெளியே சாப்பாட்டை வைப்பார். பூனை பிராண்டும், கடிக்கும், மோதும். தற்செயலாக ஒரு கயிற்றையோ தாழையோ இழுத்துவிட்டால் கதவு திறக்கும். மறுமுறை அடைத்தால் கொஞ்சம் சீக்கிரம் வெளியே வரும். அதற்கடுத்த முறை இன்னும் சீக்கிரம். இதற்குப் பெயர் முயன்று தவறிக் கற்றல். தேர்வில் ஐந்து மார்க் கேள்வி.

பூனை என்ன கற்றுக்கொண்டது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. அது பெட்டியைக் கற்றுக்கொண்டது. என் மாணவனும் அப்படித்தான். கழித்தலைக் கற்கவில்லை, பெட்டியைக் கற்றுவிட்டான்.

எங்கள் பயிற்சிக் காலத்தில் உளவியல் தாளுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் மிருகக்காட்சி சாலை. பாவ்லவின் நாய் எச்சில் விடும், ஸ்கின்னரின் எலி நெம்புகோலை அமுக்கும், கோலரின் சிம்பன்சி சுல்தான் குச்சியோடு குச்சியைச் செருகி வாழைப்பழத்தை இழுக்கும். கடைசி மூன்று பக்கங்களில்தான் குழந்தைகள் வருவார்கள்: குழந்தையின் அறிவு வளர்ச்சிக்குப் பியாஜே சொன்ன நான்கு படிநிலைகள், வைகாட்ஸ்கி பற்றி ஒரு பத்தி. எல்லாவற்றையும் கைடு வாங்கி உருப்போட்டோம். மனப்பாடம் செய்வது உண்மையான கற்றல் ஆகாது என்ற விடையை வரிக்கு வரி மனப்பாடம் செய்து எழுதித்தான் தேறினேன். இதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. எல்லாரும் அப்படித்தான்.

2006ல் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். மேசை, நாற்காலி, பிரம்பு, கரும்பலகை. நான் படித்தபோது எனக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தார்களோ அப்படியே சொல்லிக்கொடுத்தேன். நாய், பூனை, எலி எதுவும் வகுப்பறைக்குள் வரவில்லை.

அப்புறம் செயல்வழிக் கற்றல் வந்தது. ஆந்திரத்தில் மதனப்பள்ளி பக்கம் ரிஷி வேலி கிராமப் பள்ளிகளில் அட்டைகளை வைத்துப் பாடம் நடத்தும் முறையைப் பார்த்து, 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார்கள். அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அதன் பின்னால் நின்றார். 2007-08ல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. எங்கள் பள்ளிக்கும்.

முதலில் போனது என் நாற்காலி. எல்லாரும் பாயில் உட்கார வேண்டும், ஆசிரியரும்தான். சுவரின் அடிப்பாகத்தில் குழந்தைகள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை அடித்தார்கள், ஆளுக்கு ஒரு கட்டம். தலைக்கு மேலே கம்பிப் பந்தல். பிள்ளைகள் வரைந்ததை, ஒட்டியதை அதில் தொங்கவிடுவோம். வருகையை அவர்களே பதிந்துகொள்வார்கள். பாடப்புத்தகம் மூட்டையாகக் கட்டி ஓரத்துக்குப் போனது. அதற்குப் பதிலாகப் படச்சின்னம் போட்ட நூற்றுக்கணக்கான அட்டைகள், சுவரில் ஓர் ஏணிப்படி. பிள்ளை தான் எந்தப் படியில் இருக்கிறோம் என்று ஏணியில் பார்க்கும், அந்தச் சின்னம் உள்ள அட்டையைத் தட்டிலிருந்து எடுக்கும், எந்தக் குழுவில் உட்கார வேண்டும் என்று பார்த்துப் போய் உட்காரும்.

ஆறு குழுக்கள் என்பதுதான் இதன் உயிர். முதல் குழுவுக்கு ஆசிரியர் முழுக்கத் துணை. இரண்டாவதில் பாதித் துணை. மூன்றாவதில் சக மாணவர் சொல்லித் தருவார். நான்காவதில் சக மாணவர் பாதி உதவுவார். அப்புறம் தானாகச் செய்வது, அப்புறம் மதிப்பீடு. ஒரே அறையில் ஒன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் கலந்து உட்கார்ந்திருக்கும். இரைச்சல் என்றால் அப்படி ஓர் இரைச்சல். பக்கத்துக் கடைக்காரர் ஒரு நாள் எட்டிப் பார்த்து, "டீச்சர் லீவா?" என்று கேட்டார். நான் நடுப்பாயில்தான் உட்கார்ந்திருந்தேன்.

பெற்றோர்களுக்குப் பிடிக்கவில்லை. "பாடமே நடத்த மாட்டேங்கிறீங்களாமே?" என்று ஓர் அம்மா சண்டைக்கு வந்தார். எனக்கும் ஆறு மாதம் பிடிக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். அட்டை அடுக்குவதே ஒரு வேலை. தொலைந்த அட்டையைத் தேடுவது இன்னொரு வேலை. ஏணியில் அதே படியில் இரண்டு மாதம் நிற்கும் பிள்ளையைப் பார்த்தால் வயிறு பிசையும். ஆனால் மூன்றாம் குழுவில் நடந்ததை நான் அதற்கு முன்னால் எந்த வகுப்பிலும் பார்த்ததில்லை. என் முன்னால் வாயே திறக்காத ஒருத்தி, தன்னைவிட ஒரு வயது சின்னவளிடம் "ழ"வுக்கு நாக்கை எங்கே மடிக்க வேண்டும் என்று வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தாள். நான் சொல்லிக்கொடுக்காத உத்தி அது.

பல வருடம் கழித்துத்தான், தகுதித் தேர்வுக்குப் படித்த ஒரு தங்கைக்கு உதவப்போய்ப் பழைய உளவியலைத் திரும்பப் புரட்டினேன். அப்போது உறைத்தது. நாங்கள் செயல்வழிக் கற்றலை, குழந்தை தானே செய்து கற்கும் மாண்டிசோரி, பியாஜே வழி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்; பயிற்சிகளிலும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் அந்த ஏணி ஸ்கின்னருடையது.

1953 நவம்பரில் ஹார்வர்டு பேராசிரியர் பி.எஃப். ஸ்கின்னர் தன் மகளின் நான்காம் வகுப்புக் கணக்கு வகுப்பில் போய் உட்கார்ந்தார், தகப்பனாக. பார்த்தது அவருக்குப் பொறுக்கவில்லை. கணக்கை முடித்த பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். முடியாத பிள்ளைகள் தவிக்கிறார்கள். போட்டது சரியா தப்பா என்று யாருக்கும் உடனே தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ச் சில நாள்களிலேயே ஒரு பெட்டி செய்தார். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. பிள்ளை விடை தரும், சரியா என்று உடனே தெரியும், பிறகு அடுத்தது. பாடத்தைப் பொடிப்பொடியாக நறுக்கு, அவரவர் வேகத்தில் விடு, ஒவ்வொரு படியிலும் உடனே வலுவூட்டு. எங்கள் ஏணி இதுதான். ஒவ்வொரு மைல்கல்லிலும் ஒரு மதிப்பீட்டு அட்டை, தாண்டினால் அடுத்த மைல்கல். என் மாணவன் கையில் இருந்த டேப்பும் இதுதான். நறுக்கிய பாடம், சொந்த வேகம், டிங்.

ஆனால் ஆறு குழுக்கள் ஸ்கின்னரிடம் கிடையாது. அவை வேறொருவருடையவை. காசநோயால் 37 வயதில், 1934ல் இறந்துபோன ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி. ஒரு குழந்தை தனியாகச் செய்யக்கூடியதை மட்டும் அளக்காதே, பக்கத்தில் ஒருவர் இருந்தால் எதுவரை போகும் என்று பார், கற்றல் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது என்றவர். அந்தத் துணைக்குக் கட்டடத்துக்குக் கட்டும் சாரத்தைப் பெயராக 1976ல் அமெரிக்க உளவியலாளர் புரூனரும் அவர் கூட்டாளிகளும் வைத்தார்கள். கட்டடம் எழும்ப எழும்பச் சாரத்தைப் பிரிக்க வேண்டும். முழுத் துணை, பாதித் துணை, தோழன் துணை, தோழனின் பாதித் துணை, தனியே. எங்கள் குழுக்களின் வரிசையைப் பாருங்கள். சாரம் பிரிக்கும் வரிசை. யார் இதை உட்கார்ந்து யோசித்தார்களோ, அவர்கள் ஸ்கின்னரையும் வைகாட்ஸ்கியையும் ஒரே பாயில் உட்காரவைத்திருக்கிறார்கள்.

அது நிலைக்கவில்லை. பாடப்புத்தகம் திரும்ப வந்தது, அட்டைகள் கிழிந்தன, மெல்லத் தேய்ந்து போனது. கம்பிப் பந்தலில் இப்போது சுதந்திர தினத்துக்கு வாங்கிய காகிதத் தோரணம் தொங்குகிறது.

பிறகு சுவரில் பெரிய திரை வந்தது. எனக்கு அது பிடிக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது வந்த வாரமே நான் எழுந்து நின்றுவிட்டேன். எப்போது எழுந்தேன் என்றுகூடக் கவனிக்கவில்லை. திரை உயரத்தில் இருக்கிறது, பிள்ளைகள் எல்லாரும் அதைப் பார்த்து வரிசையாக உட்கார்கிறார்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன். சுவரின் அடியில் இருந்த கரும்பலகைக் கட்டங்களைப் பெஞ்சு மறைத்துவிட்டது. யாரும் எனக்கு விரிவுரை செய் என்று சுற்றறிக்கை அனுப்பவில்லை. திரையை மாட்டிய உயரமே அதைச் சொல்லிவிட்டது.

ஒரு நாள் நீர்ச் சுழற்சிக்கு ஒரு காணொளி போட்டேன். மேகத்துக்குக் கண், மூக்கு, கூலிங் கிளாஸ். பின்னணியில் பாட்டு. பிள்ளைகள் துள்ளினார்கள். மறுநாள் மழை எப்படி வருகிறது என்று கேட்டேன். "மேகம் கண்ணாடிய கழட்டிட்டு அழும் டீச்சர்!" ஆஸ்திரேலியாவில் கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1988ல் எழுதியது இதைப் பற்றித்தான்: மனத்தில் ஒரே நேரத்தில் ஏந்தி வைத்துக்கொள்ளும் இடம் மிகச் சின்னது, அதில் வேண்டாததை அடைத்தால் வேண்டியதற்கு இடமிருக்காது. கூலிங் கிளாஸ் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. சத்துணவுக்கூடத்திலிருந்து ஒரு சொம்பு வெந்நீர் வாங்கி, எவர்சில்வர் தட்டை மேலே கவிழ்த்து வைத்து, தட்டில் திரண்ட சொட்டுகளைக் காட்டினேன். ஐந்து நிமிடம். பிறகு அதே காணொளியைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் போட்டேன், பிள்ளைகளே கதை சொன்னார்கள். இந்த முறை மேகம் அழவில்லை, தண்ணீர் ஆவியானது.

டேப்புக்கு வருகிறேன். ஒரு தொண்டு நிறுவனம் முதலில் பத்து கொடுத்தது. என் வகுப்பில் 31 பேர். அதனால் மூன்று பேருக்கு ஒன்று, ஒரு குழுவில் நாலு பேர். ஒருவர் அமுக்க, மற்றவர்கள் "அது இல்லடி, இது", "நீ போன தடவயும் இப்படித்தான் சொன்ன" என்று கத்துவார்கள். விரலைப் பிடித்து இழுப்பார்கள். பழைய மூன்றாம் குழு திரும்ப வந்ததுபோல இருந்தது. அறிக்கையில் மட்டும் எங்கள் பள்ளி சிவப்பு. வேகம் குறைவு.

அடுத்த ஆண்டு இன்னும் இருபது வந்தன. ஏறக்குறைய ஆளுக்கு ஒன்று, காதில் மாட்டிக்கொள்ள ஹெட்செட்டும் சேர்த்து. வகுப்பு அமைதியாகிவிட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அந்த அமைதியைப் பாராட்டினார்கள். அறிக்கை முழுக்கப் பச்சை. அந்தப் பச்சையில்தான் என் பூனைக்குட்டியும் இருந்தான்.

அவன் ஏன் முதலில் 35ஐ அமுக்கினான் என்று எனக்குக் குடைச்சல். பியாஜே கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு, எங்கள் கைடில் அது கிடையாது. 1920 வாக்கில், இளைஞராக, பாரிஸில், அறிவுச் சோதனைக்கு முன்னோடியான மறைந்த பினேயின் ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகளுக்கான அறிவுச் சோதனைகளைச் சீர்படுத்தும் வேலையில் இருந்தார். சரியான விடைகளை எண்ணுவதுதான் வேலை. அவருக்கோ தவறான விடைகள்தான் சுவாரசியமாக இருந்தன. ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரித் தவறு செய்கிறார்களே, ஏன்? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் மீதி வாழ்க்கை முழுக்கப் போனார். டேப் 35 என்ற விடையை வாங்கி, "மீண்டும் முயற்சி செய்" என்று சொல்லி, தூக்கிப் போட்டுவிடுகிறது.

ஹெட்செட்டைக் கழற்றச் சொல்லிவிட்டு அவனிடம் கேட்டேன். சொன்னான்: "ஏழுல ரெண்டு போனா அஞ்சு. அஞ்சுல ரெண்டு போனா மூணு."

"ஏழு கீழ இருக்கு, ரெண்டு மேலதான இருக்கு?"

"பெரிய நம்பர்லேருந்துதான் சின்ன நம்பர கழிக்கணும்னு நீங்கதான டீச்சர் சொன்னீங்க? ரெண்டாவதுல."

சொன்னேன். பலகையில் எழுதியும் போட்டிருந்தேன், அடிக்கோட்டோடு. அவன் தப்பாக யோசிக்கவில்லை. என் விதியை எனக்கே திருப்பிப் போட்டிருக்கிறான்.

இதைப் படித்துவிட்டு நான் இயந்திரத்துக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். ஏணிக்கு நியாயம் உண்டு, பெரிய நியாயம். டெல்லியில் ஒரு கணினி வழிக் கற்றல் திட்டத்தை முரளிதரன், சிங், கனிமியான் ஆகிய பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்து 2019ல் வெளியிட்டார்கள். ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். ஆசிரியர் ஆறாம் வகுப்புப் பாடத்தை நடத்தினால் பாதிப் பேருக்கு அது காற்றில் போகும். கணினி அவரவர் நின்ற படியிலிருந்து தொடங்கியது. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். இதை மேற்கோள் காட்டுபவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: 90 நிமிட வகுப்பில் 45 நிமிடம்தான் கணினி. மீதி 45 நிமிடம் ஒரு மனிதர் பிள்ளைகளைக் குழுவாக வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தார். பெரு நாட்டில் இன்னொரு வழி. பிள்ளை கையில் மடிக்கணினியைக் கொடுத்தால் போதும், அறிவைத் தானே கட்டிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் கொடுத்தார்கள். 15 மாதம் கழித்துப் பார்த்தால் கணக்கிலும் மொழியிலும் மாற்றம் எதுவும் இல்லை.

ஏணியின் அருமையை நாங்கள் நேராகவும் கண்டோம். 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, சிறு வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தது. மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்த பிள்ளைகள் இரண்டாம் வகுப்பின் வாசலையே மிதித்திருக்கவில்லை. வயதை வைத்துப் பாடம் நடத்துவதில் அர்த்தமே இல்லாமல் போயிற்று. 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை இருக்கும் நிலையைப் பார்த்துப் பிரித்தார்கள். ஏணிதான், வேறு பெயரில். எனக்கு நிம்மதியாக இருந்தது.

என் ஆதங்கம் வேறு. ஒரு கொள்கை கருவியாக மாறும்போது, அதில் எண்ணக்கூடியது மட்டும்தான் பெட்டிக்குள் போகிறது. படி எத்தனை, நிமிடம் எத்தனை, சரி எத்தனை. இதையெல்லாம் எண்ணலாம். விரலைப் பிடித்து இழுத்ததை எப்படி எண்ணுவது? ஏணி டேப்புக்குள் போய்விட்டது, மூன்றாம் நான்காம் குழுக்கள் பாயோடு சுருட்டி வைக்கப்பட்டுவிட்டன.

நன்னூல் எழுதிய பவணந்தியார் இதற்கு ஒரு கணக்கே வைத்திருந்தார், 13ஆம் நூற்றாண்டில். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் தேறும். கூடப் படிப்பவர்களோடு பழகினால் இன்னொரு கால். பிறருக்கு எடுத்துச் சொன்னால் மீதி அரை. கால், கால், அரை. பள்ளியில் தமிழாசிரியர் இதைச் சொன்னபோது மாணவனுக்கான அறிவுரை என்று நினைத்தேன். இப்போது கால அட்டவணை போலத் தெரிகிறது. என் வகுப்பில் கால் பங்குக்கு நானும் திரையும் போட்டி போட்டுக்கொண்டிருந்தோம். முக்கால் பங்கு ஹெட்செட்டில் அடைபட்டிருந்தது.

திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளைகள் செய்ததும் அந்த அரைப் பங்குதான். 1790களில் எழும்பூரில் ராணுவ அனாதை விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். ஆசிரியர்கள் ஒத்துவராதபோது எட்டு வயதுப் பையனையே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வைத்தார். 1797ல் லண்டனில் அதை அச்சிட்டபின், மெட்ராஸ் முறை என்ற பெயரில் இங்கிலாந்து முழுக்கப் பரவியது. நம் ஊர்த் திண்ணையின் வாசனை அடிக்கும் முறை, கப்பலேறிப் போய்ப் பெயர் வாங்கியது. (அங்கே அது மலிவான கல்வியாகவும் ஆனது என்பது வேறு கதை.)

இப்போது பத்து டேப்தான் வெளியே எடுக்கிறேன். மீதி இருபது பீரோவில். ஹெட்செட் கிடையாது. மூன்று பேர் பாயில் உட்கார வேண்டும், நடுவில் ஈர்க்குச்சிக் கட்டுகள், பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு. விதி ஒன்றே ஒன்று: மற்ற இருவரும் சரி என்று சொன்ன பிறகுதான் ஒருவர் அமுக்கலாம். நாலாவது தடவை நட்சத்திரம் இதோடு முடிந்தது, ஏனென்றால் நாலு தடவை சண்டை போடுவதற்கு யாருக்கும் தெம்பு இல்லை.

போன வாரம் அந்தப் பையன் 61 கழித்தல் 38ல் மாட்டிக்கொண்டான். பக்கத்தில் இருந்தவள் ஆறு கட்டுகளில் ஒன்றை எடுத்து, ரப்பர் பேண்டைக் கழற்றி அவன் மடியில் கொட்டினாள். "எட்டு குடுன்னு கேட்டா ஒரு குச்சிய வெச்சிக்கிட்டு என்னா பண்ணுவ? கட்ட பிரி." கடன் வாங்கிக் கழித்தல் என்று நான் பதினெட்டு வருடமாகச் சொல்லி வருகிறேன். யாரிடம் கடன், எப்போது திருப்பித் தருவது என்று ஒரு பிள்ளையாவது கேட்டிருக்க வேண்டும். கட்டைப் பிரி என்பது எவ்வளவு சுத்தமாக இருக்கிறது. இப்போது நானும் அப்படித்தான் சொல்கிறேன்.

நிறுவனத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். மரியாதையான பையன். "மேடம், உங்க ஸ்கூல்ல மட்டும் ஒரு கணக்குக்கு ஆறு நிமிஷம் காட்டுது. டேப்ல ஏதாவது ரிப்பேரா?"

"ரிப்பேர் இல்ல தம்பி. பேசிக்கிட்டே போடுறாங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "பேசாம போடச் சொல்ல முடியுமா மேடம்?"

ஒரு நாள் நேரில் வரச் சொல்லியிருக்கிறேன். சாப்பாட்டு மணிக்கு முன்னால் வந்தால் நல்லது, கணக்கு அப்போதுதான். நாற்காலி கிடையாது என்பதையும் சொல்லிவிட்டேன்.